ஈமெயிலைக் காக்கிப் பையில் போட்டவர்

மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் தபால்காரரை ஒரே ஒருமுறை சந்தித்திருந்தால், இந்த விவகாரமே வேண்டாம் என்று கடையைக் கட்டியிருப்பார்கள். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அவரோடு ஒரு வாரம் வேலை செய்து பார்த்திருக்க வேண்டும். நான் மூன்று வருஷம் செய்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. இலங்கை மலைநாட்டின் அப்புத்தளையில் எட்டு அறைகள் கொண்ட ஒரு விடுதியில் எனக்கு வேலை. மின்னஞ்சல் மூலம் வாடிக்கையாளர் உறவை வளர்ப்பது எப்படி என்று பதுளையில் இரண்டு நாள் வகுப்பில் படித்துவிட்டு, சான்றிதழும் கையுமாகப் போய்ச் சேர்ந்திருந்தேன். ஒருமுறை தங்கிப் போனவர்களுக்கு மாதம் ஒரு மடல் அனுப்பி மறுபடி வரவழைப்பது என் பொறுப்பு.

தபால்காரர் அங்கே காவலாளி. அதற்கு முன் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷம் கடிதப் பை சுமந்தவர். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க ஜனங்கள் பெரட்டுக்களத்தில் கூடும்போது, பேரைக் கூவிக் கடிதம் கொடுப்பார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அங்கேயே வாசித்துக் காட்டுவார். பதில் சொல்லாமல் யாரையும் விடமாட்டார். ஓய்வு பெற்றதும், தோட்டத்தில் குடியிருந்த லயத்துக் காம்பரா கைவிட்டுப் போனது. மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி இல்லை. விடுதியின் பின்னறைதான் அவருக்கு வீடு.

விடுதிக்கும் கடிதம் வருகிறது, அது கணினிக்குள் வருகிறது என்று கேள்விப்பட்ட அன்றே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பொட்டிக்குள்ள இருந்தா அது கடுதாசியா புள்ள? கையில எடுத்துக் குடு."

அன்றிலிருந்து வருவது போவது எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதையெல்லாம் பழைய காக்கிப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்வார்.

முதல் இடி ஒரு காலைச் சாப்பாட்டு நேரத்தில் விழுந்தது. கொழும்பு வங்கி அதிகாரி ஒருவர் தமக்கு மூல வியாதி என்றும், காரம் ஆகாது என்றும் முன்கூட்டியே எழுதியிருந்தார். நான் பதில் அனுப்புவதற்குள் ஆளே வந்து இறங்கிவிட்டார். பதிலின் அச்சுப் பிரதி தபால்காரர் பையில் இருந்தது. சாப்பாட்டு அறையில் பதினான்கு பேர் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, வாசலில் நின்று கூவினார்.

"நாலாம் நம்பர் ரூமு ஐயா! ஒங்களுக்குக் கடுதாசி! மூலத்துக்குக் காரம் இல்லாத சமையல் செஞ்சி தாறமாம்! என்னா பதில் சொல்றீங்க?"

நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்த மனிதர் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. மத்தியானமே அறையைக் காலி செய்தார், முதலாளிக்கு இரண்டு பக்கத்தில் முறைப்பாடும் எழுதினார்.

"தங்கச்சி, இன்னொரு முறைப்பாடு வரட்டும், அந்தாள வீட்டுக்கு அனுப்பிருவேன்" என்றார் முதலாளி. எந்த வீட்டுக்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என் மாத மடலும் தபால்காரருக்குப் பிடிக்கவில்லை. 'இரண்டு நாள் தங்கினால் மூன்றாம் நாள் அரைக் கட்டணம்' என்று அழகாக எழுதியிருந்தேன்.

"என்னா புள்ள, சொகமா இருக்கீங்களான்னு ஒரு வார்த்த இல்ல. இங்க தங்கிட்டுப் போன இந்தக் கண்டி அம்மா மகனுக்கு அன்னைக்கு இருமலு. கொறைஞ்சிச்சான்னு கேளு."

தொல்லை தாங்காமல் ஆங்கிலத்தில் அதையும் அடித்து அனுப்பினேன். அதுவரை நாற்பது மடலுக்கு ஒரு பதில்கூட வராத எனக்கு அன்று மாலையே பதில் வந்தது. இருமல் நின்றுவிட்டதாம், அடுத்த மாதம் வருகிறார்களாம். என் சான்றிதழை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன்.

ஆனால் மடலின் அடியில், 'இனி எங்கள் மடல் வேண்டாமென்றால் தெரிவிக்கவும்' என்ற வரியைப் பார்த்ததும் மனிதர் ஆடிப்போனார்.

"விருந்துக்குக் கூப்புட்டுட்டு, வர புடிக்கலன்னா சொல்லுன்னு கேக்குறதா? வெக்கமா இல்ல?"

அப்படிச் சொல்லவும் ஒருவர் இருந்தார். மொனராகலையில் கரும்புத் தோட்ட அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வருஷா வருஷம் ஏப்ரலில் வருகிறவர். 'பட்டியலிலிருந்து என் பெயரை நீக்குங்கள்' என்று ஒற்றை வரி எழுதியிருந்தார். நான் நீக்கிவிட்டேன். வகுப்பில் அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

மறுநாள் தபால்காரரைக் காணவில்லை. சமையற்காரரைக் கேட்டால், "விடியக்காலையில மொனராகலைக்கு பஸ் ஏறிட்டாரு. ரெண்டு கிலோ பேரிக்காயும் கொண்டு போனாரு" என்றார். மடல் வேண்டாம் என்ற மனிதரின் வாசலில் பேரிக்காயோடு ஆள் போய் நிற்பதை எந்த வகுப்பில் சொல்லித் தந்தார்கள்?

பொழுது சாயும் நேரம் திரும்பி வந்தார். "கோவமெல்லாம் இல்ல புள்ள. மனுசன் தனியா கெடக்காரு" என்றார். அவ்வளவுதான்.

முதலாளிக்குச் செய்தி எட்டியதும் ஆள் சிவந்துபோனார். "நாளைக்கு அந்த ஐயா பொலிசுக்குப் போனா யாரு பதில் சொல்றது? கடிதத்த அடிங்க தங்கச்சி!" வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை நானே அடித்தேன். அச்சுப்பொறியிலிருந்து தாள் வெளியே வந்ததும், வழக்கம்போல அவரே எடுத்துவிட்டார். நின்றபடி முழுவதும் வாசித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புள்ள, கடைசியில 'அன்புடன்'னு போடலியே" என்றார்.

"ஐயா, இது அந்த மாதிரிக் கடிதம் இல்லீங்க."

"எந்த மாதிரி கடுதாசின்னாலும் முடிக்கையில ஒரு நல்ல வார்த்த வேணும். போட்டுக் குடு."

கண்ணீரோடு உட்கார்ந்து 'அன்புடன்' சேர்த்து மறுபடி அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் மொனராகலையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. முதலாளியே என் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தார்.

'மடல் அனுப்பாதீர்கள் என்றேன், ஆளையே அனுப்பிவிட்டீர்கள். மூன்று மணி நேரம் இருந்தார். என் கிணற்றுக் கப்பியைப் பழுது பார்த்தார். என் சமையல் வாயில் வைக்க முடியவில்லை என்றார். பிள்ளைகள் வெளிநாடு போனபின் இந்த வீட்டில் யாரும் என்னோடு இவ்வளவு சண்டை போட்டதில்லை. ஏப்ரலில் வழக்கம்போல எனக்கு அறை வேண்டும். மடலை நிறுத்திவிடுங்கள். ஆளை அனுப்புங்கள்.'

முதலாளி அதை மறுபடி ஒருமுறை வாசித்தார். பிறகு, "அந்தக் கடிதத்த வாங்கிக் கிழிச்சிப் போடுங்க" என்றார்.

பின்னறைக்கு ஓடினேன். தபால்காரர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார், மூட்டையை அவிழ்த்தார், ஆனால் கடிதத்தை மட்டும் கொடுக்க மறுத்துவிட்டார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பத்திரமாகப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"முப்பது வருசமா ஊருக்கெல்லாம் கடுதாசி கொண்டு போய்க் குடுத்தேன் புள்ள. எம் பேருக்கு வந்த மொத கடுதாசி இதுதான்."

மேசைக்குத் திரும்பி, அவர் பெயருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். உறவை வளர்க்கப் படித்தவள், என்ன எழுதுவதென்று தெரியாமல் அரை மணி நேரம் திணறி, 'ஐயா, சாப்பிட்டீர்களா?' என்று மட்டும் எழுதி, அன்புடன் என்று முடித்தேன்.