பதினேழாம் எலியும் ஒரு கல்வெட்டும்

காலை ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். ஒரு தம்ளர் வெந்நீர் குடித்தான். ஆறே முக்காலுக்கு ஆய்வு நிலையத்தில் கையுறை மாட்டி, ஏழு அடிக்கும்போது பதினேழாம் எலியின் வாயில் வலிப்பு மருந்தைச் சொட்டினான்.

மனித குல வரலாற்றிலேயே வேளை தவறாமல் மருந்து சாப்பிட்டவர்கள் அந்த நிலையத்தின் எலிகள் மட்டுமே. காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஏழு. ஒரு நிமிடம் பிந்தினால் விளக்கக் கடிதம். இரண்டு நிமிடம் பிந்தினால் விசாரணைக் குழு. நரம்பு அறுபட்ட எலிகள் ஒற்றைக் கட்டைமேல் வீரநடை போட்டன. வலிப்பு கண்ட எலிகள் வலிப்பையே மறந்து கொழுத்தன. மருந்து கொடுக்கும் அவனுக்கு 'எலிக்காரர்' என்று பட்டமே கிடைத்திருந்தது.

அவன் மனைவிக்கும் வலிப்பு உண்டு. ஆறு மாதம் முன்பு, அவன் மாலை ஏழு மணி மருந்தை அளந்துகொண்டிருந்த நேரத்தில், வீட்டில் தனியாக இருந்தவளுக்கு வலிப்பு வந்தது. அவள் பிழைக்கவில்லை. எலிகள் அத்தனையும் சௌக்கியம்.

நிலையம் இந்த இழப்பை 'வீணாக்க' விரும்பவில்லை. புதிய எலிக்கூடத்துக்கு அவள் பெயர், வாசலில் கல்வெட்டு, அதில் அவளது இறுதி வாசகம்.

"கடைசியா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் இயக்குநர்.

"சாதாரணமாத்தான் சார் சொன்னா."

"சாதாரணத்தை எல்லாம் கல்லுல வெட்ட முடியாதுப்பா."

உடனே வாசகத் தேர்வுக் குழு கூடியது.

"'ஆராய்ச்சி வாழ்க!'னு போடுவோம்" என்றார் கால்நடை மருத்துவர்.

"உசிரு போறப்ப கோஷமா போடுவாங்க? ஊர்வலத்துலயா சார் போனாங்க?" என்று சீறினார் விளம்பர அதிகாரி அம்மாள். "'என் வலி என்னோடு முடியட்டும்.' எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எலியைக் காணோமே!" இயக்குநர் மனம் நொந்தார்.

"எதையாவது முடிவு பண்ணுங்கய்யா," என்றார் கல் வெட்டுபவர். "வெட்டினப்புறம் மாத்தச் சொன்னா, கல்லுக்கு அழிரப்பர் கிடையாது."

மூன்றாம் கூட்டத்தில் 'எலிகள் வாழ்ந்தால் எல்லோரும் வாழ்வர்' என்பது ஏகமனதாக நிறைவேறியது. எலிக்காரரின் மனம் அந்தக் கணக்கில் சேராது. அவன் ஒரு மணி மருந்துக்குப் போயிருந்தான்.

திறப்பு விழா மாலையில். பதினேழாம் எலிக்கு மேடையில் தனி நாற்காலி. அதன்மேல் பட்டு மெத்தை. முன்வரிசையில் அவன் மச்சினி கல்வெட்டைப் படித்துவிட்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தான், எங்கக்கா இப்படியா பேசுவா? நெசமா என்னதான் சொன்னா?"

இதுவரை யாரிடமும் அவன் சொன்னதில்லை. இயக்குநர் அவன் கையில் ஒலிவாங்கியைத் திணித்தார்.

"கல்லுல இருக்கிறதைப் படிச்சுட்டு ஓடுப்பா. ஏழு ஆகப்போகுது."

அவன் கல்லைப் பார்த்தான். எலியைப் பார்த்தான். ஏழு அடித்தது.

"மருந்து! மருந்து!" என்று பதறினார் இயக்குநர்.

"பிந்தட்டும் சார்."

நிலையத்தின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு நிமிடம் கடந்தது. இரண்டும் கடந்தது.

"இது அவ சொன்னது இல்ல," என்றான் அவன். "அன்னிக்குக் காலைல நான் செருப்பு மாட்டிட்டிருந்தப்ப அவ சொன்னது இதுதான்: 'மாத்திரை தீந்து மூணு நாளாச்சு. இன்னிக்காவது மறக்காம வாங்கிட்டு வா. என்னையும் உன் எலிங்கள்ல ஒண்ணா நெனச்சுக்கோ.'"