பாசியாரின் முகூர்த்தம்

ரெங்கத்தைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில், ஒரு தட்டுச் சோற்றை உட்கார்ந்த இடத்தில் தின்று முடிக்காத ஒரே மனிதர் பாசியார்தான். எங்கள் துரை பங்களாவின் நீச்சல் குளம் அவர் பொறுப்பு. நான் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. இரண்டு கவளத்துக்கு ஒருமுறை எழுந்து ஓடுவார், குளத்தில் பாசி பிடித்துவிட்டதா என்று பார்க்க. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, கோயில் அர்ச்சனையில்கூட ‘பாசியார்’ என்றுதான் சொல்வார்கள்.

பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிய விட்டு, மேலே நிற்கும் நீரை மட்டும் குளத்தில் ஊற்றுவார். அளவு சரியா என்பதை நாக்கில் ஒரு சொட்டு விட்டுத்தான் தீர்மானிப்பார்.

“கொறஞ்சா தண்ணி பச்ச, கூடினா தொர கண்ணு செவப்பு. நடுவுல நான் நிக்கிறேன் கிராணியாரே” என்பார். அவர் எங்கும் நிற்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

ஒருநாள் பவுடர் கூடிவிட்டது. குளித்த துரை, மிளகாய்ப் பழமாய்ச் சிவந்த கண்களோடு ஆபீஸுக்கு வந்து மூக்கை உறிஞ்சினார். ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம். துரையே அழுகிறார், தோட்டத்தை மூடப் போகிறார்கள் என்று தொழிலாளர் வீடுகள் இருந்த லயம் முழுக்கப் பரவி, சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். துரை பாசியாரைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் குளம் கெட்டால் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். பாசியார் பயந்துபோய்ப் பவுடரைக் குறைத்தார்.

அந்த நேரம் பார்த்து அவருக்குக் கல்யாணம் வந்தது. பெண் குளுவாங் பக்கம், பெயர் பொன்னம்மா. முந்தின இரவு முழுக்க மழை. காலையில் தோட்டத்துக் கோயில் மணவறையில் பூசாரி மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, பங்களா சமையல்காரர் வந்து மாப்பிள்ளையின் காதில் சொன்னார்: “குளம் பச்சையாப் போச்சு லா. நாளைக்கு சிங்கப்பூர்லேருந்து பெரிய தொர வராரு.”

பாசியார் மாலையோடு எழுந்து ஓடினார். பூசாரி எட்டிப் பிடித்தார்; கையில் மேல்துண்டுதான் வந்தது.

நாங்கள் பின்னால் ஓடினோம். எங்களுக்கு முன்னால் பொன்னம்மா ஓடினாள்.

“அலமாக், பொண்ணுமில்ல ஓடுது” என்றார் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்.

குளத்துச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்த பாசியார் நிமிர்ந்தார்.

“வேல போச்சுன்னா உன்ன எப்படி வச்சுக் காப்பாத்துவேன்?”

“இன்னொரு பிரஷ் இருக்கா?” என்றாள் பொன்னம்மா.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். பவுடர் கரைத்து ஊற்றப் போனபோது பாசியார் வாளியைத் தூக்கித் தூக்கிக் கீழே வைத்தார். துரையின் கண்கள் ஞாபகம் வந்திருக்கும். பொன்னம்மா வாளியை வாங்கித் தானே ஊற்றினாள். நல்ல நேரம் முடியப் போகிறதென்று பூசாரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். குளக்கரையிலேயே தாலி கட்டினார் பாசியார். அதற்கும் பிரஷைக் கீழே வைக்கவில்லை, மண்டோர்தான் பிடுங்கினார். நாத்தனார் முடிச்சு விழுவதற்குள் மாப்பிள்ளை அடுத்த வாளிக்குப் போய்விட்டார்.

மறுநாள் மதியம் குளத்தின் அடித்தரை பளிச்சென்று தெரிந்தது. பெரிய துரை வந்து பார்த்தார். தனக்கு நீந்தத் தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆனாலும் பாசியாரின் வேலை நிலைத்தது. பொன்னம்மாவின் கூறைச் சேலையில் மட்டும் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் விழுந்துவிட்டன. தீபாவளிக்குத் தீபாவளி அதையே உடுத்தி, கேட்டவர்களிடம் புது டிசைன் என்று சொல்லிவந்தாள்.

சில வருஷம் கழித்து எனக்கு யோங் பெங் பக்கம் மாற்றலானது. வழியனுப்ப வந்த பாசியார், பஸ் கிளம்பும்வரை பங்களாப் பக்கம் திரும்பவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “உடம்பப் பாத்துக்குங்க” என்றார். ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் கையில் அந்தப் பவுடர் நெடி இருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது, கை கழுவ எனக்கு மனமே வரவில்லை.