நாலு விரல் உயரம்

பழவேற்காட்டில் அந்த நாளில் தரையை நம்பாத ஒரே மனிதர் ஜாக்கி பாய்தான். கட்டில் கால் நான்குக்கும் கீழே மும்மூன்று செங்கல். தண்ணீர்ப் பானை பெஞ்சின் மேல், பெஞ்சு பலகையின் மேல். சொந்தச் செருப்புக்கே லாரி டயரை வெட்டி இரண்டு அடுக்கு அடித்திருந்தார். "பாய் ஊட்ல சோறு துன்னணும்னா ஏணி எட்த்துக்கினு போவணும்" என்று மீன் விற்கிற பெண்கள் சிரிப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். எதைக் கண்டாலும் அடியில் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார்.

நான் அங்கே ஓர் இறால் கம்பெனியில் ஐஸ் கட்டி எண்ணுகிற குமாஸ்தா. எழுபதுகளின் கடைசி. கம்பெனிக்கு ராணுவத்தில் கழித்துப்போட்ட ஜீப் ஒன்று இருந்தது. அதற்கு டிரைவர், மெக்கானிக், தாய், தகப்பன் எல்லாம் பாய்தான்.

இந்தத் தூக்கும் பைத்தியம் அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. ஒரு சித்திரை மாதத்தில் வந்தது. வெயில் காலத்தில் முகத்துவாரம் மணல் மூடிப்போனால் ஏரி வற்றிவிடும். பசியாவரம் தீவுக்காரர்கள் பாடு அப்போது திண்டாட்டம். படகு தரை தட்டும். நடந்து வரலாமென்றால் நடுவில் ஒரு பள்ளம், சேறும் தண்ணீருமாக ஆளை இழுக்கும். அந்த ஊர் எல்லையனின் பெண்டாட்டி மங்காவுக்குப் பிரசவ வலி. நான்கு பேர் கட்டிலில் வைத்துத் தூக்கிவரத் தயாராக நின்றார்கள். இறால் எடுக்கப் போன பாய், "கட்டிலு இன்னாத்துக்கு? நான் கீறேன், என் வண்டி கீது. ஏத்துபா" என்றார்.

போகும்போது எப்படியோ தாண்டிய பள்ளத்தில் திரும்பும்போது வண்டி நின்றுவிட்டது. எஞ்சினுக்குள் தண்ணீர். எல்லையன் மங்காவைத் தோளில் போட்டுக்கொண்டு மிச்ச தூரம் நடந்தான். கரையில் அவளை இறக்கியபோது உயிர் இல்லை. பிள்ளையும் இல்லை. எல்லையன் பாயை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பிறகு அவரோடு பேசவும் இல்லை. திட்டியிருந்தால் மனுஷன் பிழைத்திருப்பார் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

மறுவாரமே ஜீப்பைத் தூக்க ஆரம்பித்தார். முதலில் வண்டியைத் தாங்குகிற வில்லான கமான் பட்டையில் பழைய லாரிப் பட்டைகள் மூன்றைச் சேர்த்து அடுக்கினார். வண்டி உயர்ந்தது உண்மை. என்னைப் பின்னால் உட்காரவைத்து, மடியில் ஒரு குடம் தண்ணீரைக் கொடுத்து, காட்டூர் வரைக்கும் ஓட்டினார். திரும்பி வரும்போது குடத்தில் தண்ணீரும் இல்லை, எனக்கு இடுப்பும் இல்லை.

"இன்னா கிளார்க்கு, எப்டி?"

"பாய், இதுல போனா பொணமே எழுந்து உக்காரும்."

அவர் முகம் செத்துப்போனது. "புள்ளத்தாச்சி உக்கார முடியாதுன்ற" என்றார். அன்று மாலையே மூன்று பட்டையையும் கழற்றிவிட்டார். என் நாக்கில் சனி.

அடுத்து வண்டிச் சட்டத்துக்கும் பட்டைக்கும் நடுவில் பனங்கட்டை. மறுபடியும் நான், மறுபடியும் குடம். தண்ணீர் அவ்வளவாகச் சிந்தவில்லை. ஆனால் திருப்பத்தில் ஒரு கட்டை நழுவிப் பறந்து, டீக்கடையில் வடை தட்டிக்கொண்டிருந்தவர் காதோரம் போய் விழுந்தது. கடைக்காரர் ஒரு மாதம் எங்களுக்கு டீ தரவில்லை. கடைசியில் பாய் அச்சின் அடியில் இருந்த பட்டையை எடுத்து, அச்சுக்கு மேலே உட்காரவைத்தார். அதே பழைய பட்டை, அதே மெத்தென்ற ஆட்டம், வண்டி மட்டும் உயரத்தில். டயருக்கு எல்லோரும் அகலமானதாகப் போடச் சொன்னார்கள். "அகலம் சேத்து மேல மெதக்கும். எனக்குக் கீழ கீற கெட்டி மணலு வேணும்" என்று ஒல்லியான, பெரிய லாரி டயர்களைக் கொண்டுவந்தார். அவை மட்கார்டில் இடித்தன. மட்கார்டை உளியால் வெட்டிப் போட்டார். முதலாளி வந்து பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

இன்னும் எவ்வளவு தூக்குவது என்பதில்தான் தகராறு. பள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் தீவுக்காரர்கள் உடம்பைக் காட்டித்தான் சொல்வார்கள். "இடுப்பளவு பாய்" என்றான் ஒருவன். "தொட தான்" என்றான் நெட்டை. "எனக்குக் கழுத்து" என்றான் குள்ளன். "யாரு இடுப்பு, யாரு தொட?" என்று பாய் நூலை எடுத்துக்கொண்டு ஆண்பிள்ளைகள் எல்லோர் இடுப்பையும் அளந்துகொண்டு திரிந்தார். தையல்காரன்கூட அத்தனை இடுப்பைப் பார்த்திருக்க மாட்டான். அன்றைய தண்ணீரைச் சரியாகச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான். அவனிடம் போக மட்டும் பாய்க்குக் கால் வரவில்லை.

வாய் சும்மா இருக்காமல் நான் போனேன். எல்லையன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே அடுத்த சிக்கைப் பிரிக்கப் போனான். எழுந்து வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அவனே ஷெட்டுக்கு வந்தான். பாய் கையில் ஸ்பானரோடு எழுந்து நின்றார். எல்லையன் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு விலா எலும்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினான்.

"இதுவரிக்கும் இருந்திச்சி பாய். ஆனா நாலு விரலு கொறச்சிக்க. அவளத் தூக்கிக்கினு நின்னேன் இல்ல? அந்த பாரத்துல சேத்துக்குள்ள எறங்கிட்டேன்."

பாய் நூலைப் பிடித்து அளந்தார். "கொறைக்க மாட்டேன் எல்லையா. அவளும் சேந்ததுதான் அளவு" என்றார். நான் ஐஸ் எண்ணப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் அழுதேன்.

அந்த அளவுக்கே ஜீப் உயர்ந்தது. தெருவில் வந்தால் "தேரு வருதுடோய்" என்பார்கள். யாராலும் ஏற முடியவில்லை; பிறகு இரண்டு படி வைத்து வெல்டிங் அடித்தார். பள்ளம் வரும்போது ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுவார், ஃபேன் தண்ணீரை வாரி எஞ்சின்மேல் அடிக்கக் கூடாதென்று. ஆறு வெயில் காலம் அப்படி ஓட்டினார். ஏற்றிப்போன எல்லோரும் பிழைத்தார்கள் என்று எழுத ஆசைதான். பொய் ஆகிவிடும். இரண்டு பேர் பொன்னேரி ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே போய்விட்டார்கள். ஆனால் வண்டி நின்று ஒருவரும் போகவில்லை.

பாய் போனது ஓர் ஐப்பசியில். ஜீப்புக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் ஊறியிருந்த மண்ணில் ஜாக்கி ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. தரையைப் பற்றி அவர் சந்தேகப்பட்டது சரியாகவே இருந்தது.

அடக்கத்தன்று ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டோம். எல்லையன் மூன்றோடு நிறுத்தவில்லை. குனிந்து அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான். "போதும்பா" என்றார் ஒரு பெரியவர். அவன் மேட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தான்.

"இன்னும் நாலு விரலு கொறையுது" என்றான்.

யாரும் தடுக்கவில்லை. நானும் குனிந்து அவனோடு சேர்ந்து அள்ளிப் போட்டேன்.