எட்டு சிலிண்டர் காரும் அய்யலூர்த் துண்டும்

திண்டுக்கல் டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் பேரம் பேசி டிக்கெட் வாங்கப் பார்த்த ஒரே மனிதர் துண்டு மாமாதான். பிள்ளைகளா, இந்தக் கதையில் நான் அங்கங்கே கொஞ்சம் கூட்டிச் சொல்லுவேன். ஆனால் இது கூட்டியது இல்லை.

அய்யலூர் ஆட்டுச் சந்தையில் தரகர்கள் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கையையும் ஒரு துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது. மாமா இருபது வருஷம் அங்கே தரகர். பிறகு தரகை விட்டார், துண்டை விடவில்லை. கண்டக்டர் கை நீட்டினால் மேலே துண்டு விழும். தக்காளி விற்கும் அம்மா கையில் போட்டு, "கையை எடு பெருசு, ஊரே பாக்குது" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர் கையிலும் போட்டார். டாக்டர் வெளியூர்க்காரர். மாமாவுக்கு ஏதோ கை நடுக்கம் என்று நினைத்து அதற்கும் சேர்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நான் அப்போது வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு டிங்கரிங் பட்டறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். அடிபட்ட கார்களை நிமிர்த்திக் கொடுக்கிற இடம். முதலாளியை எல்லோரும் பாய் என்போம். மாமா மட்டும் மாப்ளே என்பார். பாயும் அவரை மாமா என்றே கூப்பிடுவார். சொந்தம் ஒன்றும் கிடையாது, எங்கள் பக்கத்துப் பழக்கம். மாமா தினமும் வந்து உட்கார்ந்து, எங்கள் வேலைக்கு நொட்டை சொல்லிவிட்டு மத்தியானம் போவார்.

பாய்க்கு ஒரே ஒரு பைத்தியம். அந்தக் காலத்து அமெரிக்கக் கார். இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், முன்பக்கம் மட்டும் ஒரு கட்டில் நீளம். மசில் கார் என்பார்கள். அந்த வருஷம் அதில் ஒன்று ஆன்லைன் ஏலத்துக்கு வந்தது. சிவப்பு. பாய் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆத்தூரில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்க ஆளே பார்த்துவிட்டார். அது மகள் பெயரில் வீடு கட்ட வைத்திருந்த மனை. வீட்டில் மூச்சு விடவில்லை.

ஏலத்தின் கடைசி நாள் பட்டறையில் சுத்தியல் சத்தமே இல்லை. பாய் போனில் ஒரு விலை போட்டார். கண் மூடித் திறப்பதற்குள் 'டைகர் 77' என்று ஒருவன் அதற்கு மேலே போட்டான். பாய் ஏற்றினார், டைகரும் ஏற்றினான். மற்றவர்கள் எல்லாம் எப்போதோ ஒதுங்கிவிட்டார்கள்.

மாமா போனை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "அப்பு, கீழ என்னமோ வரிசையா எழுதியிருக்கே, என்ன அது?"

நான் படித்துச் சொன்னேன். தரையில் துரு இருக்கா, சேஸ் நம்பரைப் போட்டோ எடுத்துப் போடுங்க, இன்ஜின் ஓடுறதைக் காட்டுங்க என்று ஆளாளுக்குக் கேட்டிருந்தார்கள்.

"இந்தப் புலி என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணுமே கேக்கல மாமா."

"வாங்க வந்தவன் பல்லைப் பிடிச்சுப் பாப்பான், வயித்தை அமுக்கிப் பாப்பான். இவன் பக்கத்துலகூடப் போகல, வெலையை மட்டும் ஏத்துறான். மாப்ளே, இவன் ஆடு வாங்க வந்தவன் இல்ல. ஆட்டோட வந்தவன்."

விற்கிறவனே ஒரு ஆளை நிறுத்தி, வாங்குகிறவன் மாதிரி விலையை ஏற்றிவிடச் சொல்வது. அதைத்தான் சொன்னார்.

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "மாமா, இது கம்ப்யூட்டர்ல நடக்குது. உங்க சந்தை இல்ல."

"கம்ப்யூட்டரா விக்குது? மனுசன்தானே விக்கிறான். நீ செத்த நேரம் கையைக் கட்டிட்டு இரு. நிசப் புலின்னா எடுத்துட்டுப் போகட்டும்."

"போயிருச்சுன்னா? இந்த மாதிரி வண்டி இனி எனக்கு எங்க கெடைக்கும்? எப்படி இம்புட்டு உறுதியாச் சொல்றீங்க?"

மாமா தரையைப் பார்த்தார்.

"நானே அப்படி நின்னிருக்கேன்ல. கன்னிவாடிக்காரர் ஒருத்தர், சாமிக்கு நேந்துகிட்ட கெடா வாங்க வந்தாரு. அவருக்குக் கறுப்பு கெடாதான் வேணும், அன்னைக்கு ஒண்ணுதான் வந்துச்சு. அது தெரிஞ்சே ஏத்தி விட்டேன். இருந்த அம்புட்டையும் குடுத்துட்டு, பஸ்ஸுக்கு இல்லாம ஆட்டோட நடந்தே போனாரு. அதுக்குப் பெறகு நான் சந்தைக்குப் போகல."

பாய் போனைக் கவிழ்த்து வைத்தார். ஏலம் முடிந்தது. கார் டைகருக்கு.

மூன்று நாள் பாய் மாமாவோடு பேசவில்லை. மாமா வாங்கிக் கொடுத்த டீ ஆறிக் கிடந்தது. அப்போதும் மாமா வந்துகொண்டுதான் இருந்தார்.

நாலாம் நாள் விற்கிறவனிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. எடுத்தவர் பின்வாங்கிவிட்டார், நீங்கள் கடைசியாகச் சொன்ன விலைக்கே தருகிறோம், இன்றைக்கே முன்பணம் அனுப்புங்கள். பாய் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு மாமா பக்கம் திரும்பினார்.

"என்ன எழுதட்டும் மாமா?"

"கடைசி வெலை நீ சொன்னது இல்ல, புலி உன்னைச் சொல்ல வச்சது. புலி வாரதுக்கு முன்னாடி சொன்ன வெலையை எழுது. நேர்ல வந்து பாக்குறோம்னு எழுது."

எழுதினார். பதில் வரவில்லை. மறுநாள் அந்தக் காரையே காணோம். படம், விவரம், டைகர், எல்லாம் போயிருந்தது. ஆத்தூர் மனை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

பாய் நன்றி சொல்லத் தெரியாதவர். மாமாதான் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் மாப்ளே, அந்த வண்டி ஓடுனா எப்படிச் சத்தம் வரும்?"

பாய் தொண்டைக்குள்ளிருந்து கடகடவென்று உறுமிக் காட்டினார். ஐம்பது வயது முதலாளி, உட்கார்ந்த இடத்தில் கியர் மாற்றி மாற்றி உறுமினார். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு கட்டத்தில் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மெல்லப் போ மாப்ளே, வளைவு வருது" என்றார்.

அந்தப் பழைய தப்பை மாமா சொல்லாமலே இருந்திருக்கலாம், பிள்ளைகளா. எங்களுக்குத் தெரியவே வந்திருக்காது. பாய் நம்ப வேண்டுமே என்றுதான் சொன்னார்.

அந்தக் காரைத் திண்டுக்கல்லில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் அதில் போனபோது, பின்சீட்டில் நானும் இருந்தேன்.