ஆமாம் போடும் வளையல்

அன்று மத்தியானம் ஒரு சபதம் எடுத்தேன். அடுத்த சனிக்கிழமைக்குள் உலகத்தில் எந்த மூளையும் யோசித்திராத மந்திரப் பொருட்களைக் கண்டுபிடிப்பது. இல்லையென்றால் மீசையை எடுத்துவிடுவது. மீசை போவதில் எனக்குப் பெரிய நஷ்டமில்லை. பக்கத்தில் வந்து பார்த்தால்தான் அது இருப்பதே தெரியும். ஆனாலும் சபதம் சபதம்தானே!

விஷயம் இதுதான். சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு விளையாட்டு நடக்கும். காகிதம், பென்சில், பகடை, வாய். இவ்வளவுதான் தேவை. உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ சூனியக்காரியாகவோ மாறிவிடுவார்கள். "எதிரே ஒரு குகை. உள்ளே உறுமல் சத்தம். என்ன செய்வீர்கள்?" என்று ஒருவர் கேட்க வேண்டும். அவர்கள் எதையாவது செய்வார்கள். குகை, உறுமல், ராஜா, டிராகன், வழியில் வரும் கடைக்காரன் எல்லாமே அந்த ஒருவர்தான். அவருக்குப் பெயர் கதைத்தலைவர். அது நான்.

ஆபீஸில் நான் மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி வகையறாவோடு கூட வரும் காகிதத்துக்கு எச்சரிக்கை எழுதுகிறவன். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' நான் எழுதியதுதான். அதை யாரும் படித்ததில்லை. வீட்டில் நான் பேசுவதற்கும் அதே கதி. என் வாயையே நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் அந்த மேசை ஒன்றுதான். "இந்த மேசைக்கு நான்தான் ராஜா" என்று அடிக்கடி சொல்லிக்கொள்வேன். எங்கள் வீட்டில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றே ஒன்று. விளையாட்டு நேரத்தில் அதில் நான்தான் உட்காருவேன்.

அந்த ராஜ்யத்துக்குத்தான் ஆபத்து வந்தது. கொண்டு வந்தவர் பல் டாக்டர். விளையாட்டில் அவர் ஒரு பயந்தாங்கொள்ளித் திருடன்.

"புதையல் பெட்டியைத் திறக்கிறேன். உள்ள என்ன இருக்கு?"

"வலிமை வாள்!" என்றேன் கம்பீரமாக.

"போன வாரம்?"

"வலிமை ஈட்டி."

"அதுக்கு முந்தின வாரம்?"

"வலிமைக் கோடரி."

"சார், இது புதையலா, இரும்புக் கடையா?"

மாடி வீட்டு அக்காவும் சேர்ந்துகொண்டார். அவர் பஸ் ஓட்டுகிறவர், விளையாட்டில் சூனியக்காரி. "நெருப்புத் தடின்னு ஒண்ணு கொடுத்தீங்களே தம்பி, அதை 'குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்'னு வேற சொன்னீங்க. பேயை அடிக்கப் போற அவசரத்துல அதெல்லாம் பார்த்துட்டு இருக்க முடியுமா?"

மூன்றாவது ஆள் என் மச்சான், மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அவனாவது நம் பக்கம் பேசுவான் என்று அவனைப் பார்த்தேன்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. அடுத்த வாரமும் இரும்புதான்னா நாங்க டாக்டர் வீட்டுக்குப் போயிடறோம். அவரே கதைத்தலைவரா இருக்கேங்கறார்."

பல் டாக்டர் பல்லைக் காட்டினார். வேரோடு பிடுங்குவது அவருக்குத் தொழில் பழக்கம்.

அதனால்தான் சபதம். சில நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். வலிமைக் கரண்டி வரை வந்தேன்.

இந்த நேரத்தில்தான் என் மனைவி வாயைத் திறந்தாள். அவளுக்கு ரயில் நிலையத்தில், தொலைந்த பொருள் அலுவலகத்தில் வேலை. ஜனங்கள் ரயிலில் விட்டுவிட்டு இறங்கும் சாமானெல்லாம் அவள் மேசைக்கு வந்து சேரும். யாராவது வந்து 'என்னுடையது' என்றால், "அடையாளம் சொல்லுங்க" என்று ஒரு பார்வை பார்ப்பாள். சொந்தக்காரனுக்கே சந்தேகம் வந்துவிடும்.

அன்று சாயங்காலம் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கு ஒரு பல்செட் வந்துச்சுங்க. பல்லை விட்டுட்டு எப்படித்தான் இறங்கறாங்களோ!"

"ம்."

"பாதிப் பேச்சுல இறங்கியிருப்பாங்க. அதை வேற யாராவது வாயில போட்டா, மிச்சப் பேச்சையும் அது பேசி முடிக்கும்னு நினைக்கறேன்."

என் காது நிமிர்ந்தது. "இன்னொரு தடவை சொல்லு!"

"எதை?"

"ஒண்ணுமில்ல. வேற என்னல்லாம் வந்தது?" என்று கொட்டாவி விடுகிற மாதிரி கேட்டேன்.

"ஒரு பிளாஸ்க். காலைலேர்ந்து கிடக்கு, இன்னும் சூடு ஆறல. நான் உங்களைத் திட்டறதையெல்லாம் அப்படி ஒண்ணுல ஊத்தி வச்சுட்டா எவ்வளவு சௌகரியம்! தினமும் புதுசாத் திட்ட வேண்டாம். மூடியைத் திறந்தாப் போதும்."

"அப்புறம்?"

"ஒரு குடை. எத்தனை தடவை கொடுத்தனுப்பினாலும் திரும்பி வந்துடுது. அதுக்குச் சொந்த வீடே பிடிக்கல போல. மழை வந்தா, பிடிச்சிருக்கறவனையும் இழுத்துக்கிட்டு முன்பின் தெரியாதவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கும்... எதுக்கு இவ்வளவு கேக்கறீங்க?"

"சும்மாதான். உன் ஆபீஸ் விஷயத்துல எனக்கு அக்கறை இருக்கக் கூடாதா?"

கல்யாணமான நாளிலிருந்து இல்லாத அக்கறை. கத்தியை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை வந்தது. பயந்தாங்கொள்ளித் திருடன் டிராகனிடம் மாட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல் புதையலில் கிடைத்த பல்செட்டை எடுத்து வாயில் போட்டான். அது அந்த டிராகனின் காலஞ்சென்ற அம்மாவுடையது! பல் டாக்டர் பொளந்து கட்டினார். "ஏண்டா இப்படி இளைச்சுப் போயிட்ட? வேளாவேளைக்குச் சாப்பிடறியா இல்லியா? இந்தக் குகையைப் பெருக்கி எத்தனை வருஷமாச்சு?" டிராகன் குலுங்கிக் குலுங்கி அழுதது. அதாவது நான் அழுதேன்.

அக்காவின் சூனியக்காரியைக் குடை தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் எதிரி சேனாதிபதி வீட்டுச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார வைத்தது. துரத்தி வந்த படைக்கு எதிரே மச்சான் பிளாஸ்க்கைத் திறந்தான். உள்ளே அவன் அக்காவின், அதாவது என் மனைவியின், திட்டு. அவள் குரலிலேயே அவன் எடுத்துவிட, படை தெறித்து ஓடியது. நானும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"எப்படித் தம்பி உங்களுக்கு இதெல்லாம் தோணுது?" என்றார் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அது தானா வரும்க்கா. யோசிச்சா வராது."

உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் இருமினாள்.

அடுத்த வாரம் மறுபடி கொட்டாவி விட்டேன். "இன்னிக்கு என்ன வந்தது?"

"என்னென்னமோ வந்தது. யோசிக்கத்தான் தோணலைங்க. தொட்டியில கிடக்கற பாத்திரத்தைப் பார்த்தாலே மூளை அடைச்சுக்குது."

பாத்திரத்தைக் கழுவினேன். அடைப்பு நீங்கியது. ஒற்றைக் கையுறை ஒன்று கிடைத்தது. மாட்டிக்கொண்டால் போதும், அதன் ஜோடி எங்கே இருக்கிறதோ அந்தத் திசையில் கை நீளும். ஜோடியைப் போட்டிருப்பவன் பரம எதிரியாக இருந்தாலும் கைகுலுக்காமல் விடாது.

அதற்கடுத்த வாரம் அடைப்பு துணி மூட்டையில் இருந்தது. துவைத்தேன், உலர்த்தினேன், இஸ்திரி போட்டேன். நானே எழுதிய எச்சரிக்கையைப் படிக்காமல் விரலைச் சுட்டுக்கொண்டேன். கிடைத்தது பொய் சொல்லும் கைத்தடி ஒன்று. இன்னும் எவ்வளவு தூரம் என்று எப்போது கேட்டாலும் 'இதோ வந்தாச்சு' என்னும்.

பிறகு ஒட்டடை. பிறகு ஜன்னல். பிறகு குளியலறை. அவள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். "யோசிச்சிட்டு இருக்கேன், தண்ணிச் சத்தம் கொஞ்சம் கம்மியா வரட்டும்" என்பாள். எல்லாம் என் ராஜதந்திரம் என்று நினைத்துக்கொண்டேன். தந்திரம் இல்லாமல் மந்திரம் கிடைக்குமா?

ஒரு நாள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தலையைக் கொடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஃபோனில் தம்பியிடம் பேசுவது காதில் விழுந்தது.

"இல்லடா, அந்தக் கைக்கடிகாரத்தை இப்ப சொல்ல மாட்டேன். திரைச்சீலையெல்லாம் கழட்டித் துவைச்சு மாட்டட்டும். அப்புறம்தான் சொல்லுவேன்."

தலையை வெளியே எடுக்க வரவில்லை. எடுத்தாலும் எந்த முகத்தோடு எடுப்பது? திருடினது நான். கொள்ளை போனதும் நான்! மச்சானுக்குத் தெரிந்தால் மேசை முழுக்கத் தெரிந்த மாதிரிதான். தெரிந்துகொண்டே "எப்படித் தம்பி தோணுது" என்று கேட்டிருக்கிறார்கள்.

ஆத்திரத்தில் ஒரு நல்லது நடந்தது. முதல்முறையாக என் மூளையிலேயே ஒரு மந்திரப் பொருள் உதித்தது. வளைந்து கொடுக்காதவளை வளைக்க ஒரு வளையல்! போட்டுக்கொண்டவர் யார் எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்றே சொல்ல வேண்டும். கழற்ற முடியாது. விதிவிலக்கு கிடையாது. எச்சரிக்கை எழுதுகிறவன் எழுதிய விதி, ஓட்டையே இருக்காது. விளையாட்டில் அவள் கையில் அதை மாட்டிவிட்டு, எல்லோர் முன்னாலும் கேட்பேன்: "எல்லாப் பொருளையும் கண்டுபிடிச்சது உன் புருஷன்தானே? இனிமே பாத்திரம் கழுவுறது நீதானே?" ஆமாம், ஆமாம்!

"நீயும் ஒரு நாள் விளையாட வாயேன்" என்றேன் தேன் ஒழுக.

"எனக்கென்னங்க தெரியும்?"

"யாரா வேணாலும் இருக்கலாம். ராணி, மந்திரவாதி, வீராங்கனை..."

"சும்மா அந்தப் பக்கமா நடந்து போற ஒரு பொம்பளையா இருக்கலாமா?"

"தாராளமா!" வலையில் விழ இதைவிட வாகான ஆள் கிடைக்குமா?

சனிக்கிழமை. அவளும் வந்து தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் குரலைக் கனமாக்கிக்கொண்டேன். "இது ராஜசபை. ராஜா எழுந்து நிற்கிறார். 'பெண்ணே! நீ சும்மா நடந்து போன அழகை மெச்சி இந்தத் தங்க வளையலைப் பரிசளிக்கிறோம். போட்டுக்கொள்!'"

"ஐயோ, எனக்கா? ரொம்ப சந்தோஷம் ராஜா. ஆனா தெரியாதவங்க கொடுக்கறதை எப்படிச் சட்டுனு போட்டுக்கறது? இதுல சூது ஒண்ணும் இல்லையே?"

"ராஜா கொடுப்பதில் சூதா?"

"அப்ப நீங்க ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன். கையில எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வாங்கிக்கறேன்."

பல் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதானே! ராஜா ஏன் தயங்கறார்?"

மறுத்தால் குட்டு உடைந்துவிடும். அவசரத்தில் எதையும் யோசிக்கவில்லை. "ராஜா போட்டுக்கொள்கிறார்" என்று சொல்லிவிட்டேன்.

"அழகா இருக்கு. கழட்டிக் கொடுங்க."

கழற்ற முடியாது. விதிவிலக்கு கிடையாது. ஓட்டை கிடையாது.

"என்ன ராஜா, கழட்ட வரலையா?"

"ஆமாம்."

"கை வீங்கியிருக்கா?"

"ஆமாம்."

"இல்ல, வேணும்னே நிக்கறீங்களா?"

"ஆமாம்."

ஒரு பார்வை பார்த்தாள். அடுத்தவன் பெட்டிக்கு அடையாளம் சொல்ல வந்து நிற்கிறவனைப் பார்க்கிற பார்வை.

"ராஜாவுக்கு மூளை கொஞ்சம் கம்மிதானே?"

வேறு எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஆனால் தான் போட்ட விதியைத் தானே மீறினால் அப்புறம் என்ன கதைத்தலைவன்? "ஆமாம்" என்றேன். மேசை குலுங்கியது. மச்சான் சிரித்த சிரிப்பில் பகடை உருண்டு கீழே விழுந்தது.

"பல்செட், பிளாஸ்க், குடை, கையுறை... இதெல்லாம் யோசிச்சது ராஜா இல்லதானே?"

"ஆ... மாம்."

"ராஜாவோட பொண்டாட்டிதானே?"

"ஆமாம்."

"திரைச்சீலையை ராஜாவே துவைச்சு மாட்டிடுவார்தானே?"

"ஆமாம்."

"சிம்மாசனத்தைக் காலி பண்ணிடறீங்களா?"

"ஆமாம். ஆனா ஒரு நிமிஷம்! அது கதையில வர்ற ராஜாவோட சிம்மாசனம்!"

மாடி வீட்டு அக்கா, பஸ் படியில் தொங்குகிறவனை உள்ளே வரச் சொல்கிற குரலில் கேட்டார்: "தம்பி, இந்த மேசைக்கு நான்தான் ராஜான்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

வளையல் என் கையில் இல்லை. ஆனால் வாய் அதற்குள் பழகிவிட்டிருந்தது. "ஆமாம்" என்றேன்.

எழுந்தேன். அவள் கைப்பிடி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "எதிரே ஒரு பாலம். அதுக்குக் காவல் ஒரு ஒத்தைச் செருப்பு. அது உங்களைப் பார்த்து, 'போனவன் எப்ப வருவான்?'னு கேக்குது. என்ன சொல்றீங்க?" எல்லோரும் முன்னால் குனிந்தார்கள். நானும்தான். அந்தச் செருப்புக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குள் ஒரு தவிப்பு. இத்தனை நாள் டிராகனாக அழுதபோதுகூட இப்படித் தவித்ததில்லை.

"நானும் விளையாடறேனே" என்றேன், நின்றபடியே.

"தாராளமா வாங்க. உங்களுக்குன்னே ஒரு மந்திரப் பொருள் வச்சிருக்கேன்."

என் நெஞ்சு விரிந்தது. என்ன இருந்தாலும் பெண்டாட்டி!

"மந்திரத் தட்டு. இதைக் கையில எடுக்கறவர் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டார்" என்றபடி, மேசையிலிருந்த காலி டீக் கோப்பைகளையெல்லாம் ஒரு நிஜத் தட்டில் அடுக்கி என்னிடம் நீட்டினாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அது வேலை செய்தது: அடுப்படி வரைக்கும் நடந்து போனேன், ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.