அத்தையின் ஒப்பாரியும் என் சட்டைப்பை ஃபோனும்

எழுத்தாளனாக ஆசைப்படுகிறவனைச் சாவு வீட்டுக்குள் விடக் கூடாது. வேறு யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

அப்போது ஹட்டனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் எனக்கு வேலை. முகநூலில் ஏழெட்டுக் கவிதை போட்டிருந்தேன். (லைக் போட்டவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.) அந்தத் தைரியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறுகதைப் பட்டறைக்குப் போனேன். கொழும்பிலிருந்து வந்தவர், "மக்கள் பேச்சைப் பதிவு செய்து, திரும்பத் திரும்பக் கேட்டு எழுதுங்கள்" என்றார். அவர் சொன்ன மற்றதெல்லாம் மறந்துவிட்டது. இது மட்டும் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வாரமே மஸ்கெலியா தேயிலைத் தோட்டத்தில் மாமா இறந்துபோனார். அப்பாவின் தங்கச்சி புருஷன். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. அத்தைக்கும் அவருக்கும் ஏதோ சண்டை, சில நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பிவிட்டோமே என்று அத்தை துடித்துக்கொண்டிருந்தார்.

ஒப்பாரி சொல்லி அழுவதில் அத்தையை அடிக்க எங்கள் பக்கம் ஆள் கிடையாது. உயிரோடு இருக்கும்போது சொல்லாததையெல்லாம் ஒப்பாரியில் சொல்லிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அத்தை மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தார். நான் பதிவைப் போட்டு, ஃபோனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினேன். துக்கம் தாங்காமல் பையன் தலையைத் தொங்கப்போட்டிருக்கிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானோ பைக்குள் குனிந்து குறிப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

(சொந்த மாமா. என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் என் காலுக்கு முதல் சப்பாத்து வாங்கித் தந்த மனுசன். ச்சே!)

கொஞ்ச நேரத்தில், இந்தக் கூச்சலில் சரியாகப் பதிவாகியிருக்குமா என்று சந்தேகம் வந்தது. வீட்டுக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தேன். ஃபோனில் சத்தமே இல்லை. காதோடு ஒட்டிவைத்துச் சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். அப்போதும் ஊமைதான்.

காலையில் அத்தை மகன் பிரபு, பக்திப் பாட்டுப் போட என் ஃபோனைத்தான் வாசல் ஸ்பீக்கரோடு புளூடூத்தில் இணைத்திருந்தான். அந்த ஞாபகம் எனக்கு வரவில்லை. ஸ்பீக்கருக்கு இருந்தது.

திடீரென்று அத்தையின் குரல் இரண்டாகக் கேட்டது. ஆகா, என்ன குரல் என்று நினைத்தேன். உள்ளே அத்தை, "கோவத்துல பேசாம இருந்தேனே, என் ராசாவே..." என்று அந்தச் சண்டை விஷயத்துக்கு அப்போதுதான் வந்திருந்தார். வாசலில் என் குரல் முழங்கியது.

"கம்பளியப் போத்திவிட்டேன்னு வர்ற வரி பிரமாதம். மூணாவது கதைக்கு வச்சுக்கலாம். மூக்குச் சிந்துற சத்தத்த வெட்டணும். அத்தை இன்னும் கொஞ்சம் அழுதா நல்லாருக்கும்."

வரிசை வீடுகளாக இருந்த லயம் முழுக்கக் கேட்டது. அப்பா ஓடிவந்தார்.

"டேய் தரித்திரம் புடிச்சவனே! நிப்பாட்டுடா அத!"

பதற்றத்தில் நிறுத்துவதற்குப் பதில் பதிவைப் பின்னால் இழுத்துவிட்டேன். மூக்குச் சிந்துகிற விஷயம் இன்னொரு முறை போனது. கடைசியில் பிரபுதான் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான்.

உள்ளே பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினார்கள். அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுந்துபோய்ச் சுவரோரமாக உட்கார்ந்தார்.

"தூக்கப் போறாங்கம்மா, அழு" என்றான் பிரபு.

"போதும்."

சொல்ல வந்ததை அத்தை சொல்லவே இல்லை. மாமாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றைக்கே பதிவை அழித்துவிட்டு அத்தை காலில் விழுந்தேன். "விடு சாமி, நீ வேணும்னா செஞ்ச?" என்றார். பதிவு செய்ததும் குறிப்புச் சொன்னதும் வேணும் என்றுதானே? அது இன்றைக்கும் உறுத்துகிறது.

கேலியை ஆரம்பித்துவைத்தவர் அப்பாதான். அடுத்த சாவு வீட்டில் நான் நுழைந்ததும், "எழுத்தாளர் வந்துட்டாரு, பாத்து அழுங்க!" என்றார். பெண்கள் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. நான் மாலையைப் போட்டுவிட்டு, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போய் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அழுகை தொடங்கும்.

சென்ற வருஷம் அப்பா இறந்தார். தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்த அத்தை, என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"ஃபோன் எங்கிட்ட இல்ல அத்தை. பிரபுகிட்ட குடுத்துட்டேன்" என்று சட்டைப்பையை உதறிக் காட்டினேன்.

"தெரியும் சாமி. ஆனா நீ நின்னா எனக்கு வாய் வரமாட்டேங்குது."

பெற்ற பிள்ளை நான். என்ன செய்ய? அப்பாவுக்காவது முழு ஒப்பாரி கிடைக்கட்டும் என்று பீலிக்கரைக்கு நடந்தேன். தண்ணீர் விழுகிற சத்தத்தில் அங்கே ஒன்றும் கேட்காது.

அத்தை அன்றைக்கு அழுத மாதிரி எங்கள் தோட்டத்தில் யாரும் அழுததே இல்லையாம். கடுமையான ஆம்பிளைகளும் கண்ணைத் துடைத்தார்களாம். என் பெயரும் வந்ததாம். என்ன சொல்லி அழுதார் என்று பிரபுவிடம் கெஞ்சிக் கேட்டேன். லயத்தில் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்துக்கொண்டே ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்.

"சொன்னா எழுதிருவீங்க."