ஒற்றைக் காலில் மோகன்ராஜ்

நகரி மாந்தோப்பில் மின்கம்பி அறுந்து விழுந்ததைக்கூட மோகன்ராஜ் பொறுத்துக்கொண்டிருப்பான். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி ரூபாவோடு பக்கத்துத் தோப்பு ஜெயபிரகாஷ் நின்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர் திருப்பதிக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். பத்து நாளாக ரூபா வாயைத் திறந்தால் சார் புராணம்தான்.

லைன்மேனோடு போனில் பேசி முடித்த ரூபா, "சாரு இன்னா சொல்றாருன்னு கேளுங்க" என்றாள்.

"கம்பிகிட்ட தரையில வோல்ட்டேஜ் அதிகம். தள்ளிப் போகப் போக எறங்கிக்கினே வரும். அந்த எறக்கம்தான் பொடென்ஷியல் கிரேடியன்ட். காலை அகட்டி வெச்சா கரண்டு ஒரு கால்ல ஏறி மறு கால்ல எறங்கிடும். ரெண்டு காலையும் சேத்து வெச்சி, குதிச்சிக் குதிச்சி வெலகிப் போங்க."

"எவ்ளோ தெளிவா சொல்றாரு" என்றாள் ரூபா.

மோகன்ராஜுக்கு வயிறு எரிந்தது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் தன்னை ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருப்பாளா? என் தோப்பில் நான் நடக்க இவர் யார் சொல்வதற்கு? வேண்டுமென்றே அகல எட்டு வைக்கக் காலைத் தூக்கினான்.

"ஆகண்டி, ஆகண்டி" என்று நிற்கச் சொல்லி சார் தெலுங்கில் அலறினார்.

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

"ஒத்தக் கால்ல நின்னா பயமில்ல. அப்படியே நில்லுங்க."

அந்த ஆள் சொல்லி நிற்பதா? ஒற்றைக் காலிலேயே நொண்டினான். கைலி நழுவியது. அதைப் பிடிக்கப் போய்க் கம்பிப் பக்கமே இரண்டடி நெருங்கிவிட்டான். உள்ளங்கால் சுரீரென்றது. கரண்டா, கால் மரத்துப்போனதா என்று யோசிக்கத் தைரியமில்லை.

"இப்டி" என்று சார் கால்களைச் சேர்த்து நாலு குதி குதித்துக் காட்டினார்.

"இன்னா அழகா குதிக்கிறாரு" என்றாள் ரூபா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

அதைவிட அழகாகக் குதித்தே தீருவதென்று எம்பிய மோகன்ராஜ், சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"ஐயோ, படுத்தா இன்னும் மோசம். தலைக்கும் காலுக்கும் எவ்ளோ தூரம்..."

"ரூபா, நான் போயிட்டாலும் அந்தாளுகிட்ட மட்டும் பேசாத" என்று மோகன்ராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

பைக் சத்தம் கேட்டது. லைன்மேன் இஸ்மாயில் சாவகாசமாக நடந்து வந்து, கம்பியை வெறுங்கையால் எடுத்துச் சுருட்டினான். இரண்டு ஆண்களும் வாயைப் பிளந்தார்கள்.

"இன்னாண்ணா, சேத்துல படுத்துக்கினு? லைன அப்பவே ஆஃப் பண்ணிட்டேன்னு போன்ல அக்காகிட்ட சொன்னேனே."